மூங்கைப் பிள்ளையின் தீர்ப்பும் நமது மொழியுரிமை வாதமும்

இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனி உரை கண்டனர் என்பதும், எவருரை சிறந்ததெனத் துணிய இயலாது தம்முள் மாறுபட்டனர் என்பதும், நடுவர் ஒருவரை வேண்டி நின்றனர் என்பதும் தமிழ் பயிலும் நாமனைவரும் அறிந்த செய்தி. நடுவனாக வாய்த்தவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். வயது ஐந்து. அவன் ஒரு மூங்கைப் பிள்ளை. அஃதாவது வாய்பேச இயலாதவன். புலவர்கள் அவனை உயர்ந்த இருக்கையில் இருத்தி ஒவ்வொருவராகத் தத்தம் உரையைப் படித்தனர். மருதனிளநாகனார் உரை படிக்கப்பட்டபொழுது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரைக்கோ பதந்தோறும் அவ்வாறு செய்தான். அதுவே தீர்ப்பு. சங்கம் அதனை ஏற்றது.

இக்கதையின் வரலாற்றுண்மையை ஆராய்தல் ஈண்டு நமது நோக்கமன்று. அதனைச் சொன்னவர்களும், ஊமைச் சிறுவனுக்கு இத்தகைய தகுதி எங்ஙனம் வந்தது என்ற ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே போலும், அவனைச் சாபத்தால் மண்ணில் தோன்றிய முருகக் கடவுள் என்று கூறிவைத்தனர். எனினும் ஒன்று கவனித்தற்குரியது. ‘முதலில் இவன் பேசக் கற்கட்டும், பின்னர்த் தீர்ப்புச் சொல்லட்டும்’ என்று அச்சபையில் எவரும் கூறவில்லை. அவனால் எது இயலுமோ அதனையே மொழியாகக் கொண்டனர்.

நமது மரபில் வாய்பேசாத பிள்ளை இன்னொருவரும் உளர். 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய்திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பது வழிவழி வரும் வரலாறு. பேசாத பிள்ளையைப் பெற்ற தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் நினைவிற் கொண்டிருப்பது இவ்விரண்டாவது கதையையே. நேர்த்தி வைப்பதும் கோயில் கோயிலாகத் தூக்கிச் செல்வதும் ‘இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குப் பேசுவான்’ என்று காத்திருப்பதும் அதன்வழி வந்தன. அவர்தம் பக்தியை நான் பழிக்கவில்லை. ஆயின், அற்புதம் நிகழும்வரை அப்பிள்ளை எதனாற் பேசுவது? பசி எடுத்தால், பல் வலித்தால், ஒருவன் அடித்தால், அதனை எவ்வாறு சொல்வது? வாய் திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் சமூகம், வாய் திறவாத நாள்களையெல்லாம் பிள்ளையின் வாழ்விலிருந்து கழித்துவிடுகின்றது. மூங்கைப் பிள்ளையை நடுவனாக்கிய மரபை மறந்து, அவனைப் பேசவைத்த மரபை மட்டுமே போற்றுகின்றோம் என்பதே எனது முதற் குற்றச்சாட்டு.

இக்குற்றத்திற் பொதுமக்களைவிடக் கற்றோருக்கே பங்கு அதிகம். மொழியியல் வகுப்பின் முதல்நாட் பாடம் யாது? மொழி என்பது இடுகுறித் தன்மையுடைய ஒலிக்குறியீடுகளின் அமைப்பு. அதனைக் கொண்டு ஒரு சமூகத்தார் தம்முள் ஒத்துழைக்கின்றனர் என்பது. 1942 இல் புளொக், ட்ரேகர் எனும் அமெரிக்க அறிஞரிருவர் வகுத்த இவ்வரைவிலக்கணத்தை நமது குறிப்பேடுகள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வருகின்றன. ‘ஒலி’ எனும் அச்சொல் எத்தனை மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்துகின்றது என்பதனை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. 1960 இலேயே வில்லியம் ஸ்டோக்கி என்பார், செவிப்புலனற்றோரின் சைகைமொழிக்கும் பேச்சுமொழிக்குள்ளது போன்ற உள்ளமைப்பு உண்டென்று காட்டி, ஒலியில்லாமலும் மொழி உண்டென நிறுவினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழைய வாய்பாடே பரீட்சைக்கு வருகின்றது. நாமும் அதனையே எழுதிப் புள்ளி பெறுகின்றோம்.

இங்கு நான் பேசப்புகுவது சைகைமொழி பற்றியன்று. சைகைமொழிக்குக் கைகளும் விரல்களும் சொன்னபடி கேட்க வேண்டும். மூளைவாதத்தினால் கையும் நாவும் ஒருங்கே கட்டுப்பட்ட பிள்ளைகள் உளர். ஓட்டிசம் உடையோருட் பேச்சு வாராதோர் உளர். பாரிசவாதத்தினாற் பேச்சிழந்த முதியோர் உளர். இயக்க நரம்புகள் படிப்படியாகச் சிதைந்து நாக்கு அசையாமற் போனோர் உளர். முப்பதாண்டுக் காலப் போரிலே தலையிற் காயமுற்றுச் சொல்லிழந்தோரும் நம் கிராமங்களில் உளர். இவர்களது தேவையைச் சிக்கலான தொடர்பாடல் தேவை என்று இத்துறையினர் குறிப்பர். எஞ்சியுள்ள பேச்சுக்குத் துணையாகவோ, பேச்சே இல்லாவிடத்து அதற்கு மாற்றாகவோ அமைக்கப்படும் வழிகள் அனைத்தும் துணைத் தொடர்பாடல், மாற்றுத் தொடர்பாடல் எனப்படும். தலையசைப்பும் கண்ணசைப்பும் அதில் அடங்கும். படங்களோ எழுத்துக்களோ வரைந்த அட்டை, தொட்டவுடன் குரல் எழுப்பும் கருவி, கண்பார்வையாலேயே எழுத்தைத் தெரிந்தெடுக்கும் கணினி ஆகியனவும் அடங்கும். 

இவற்றுட் கணினியையே பலர் அறிவர்; அதற்குக் காரணம் ஸ்டீபன் ஹோக்கிங். 1985 இல் நிமோனியாக் காய்ச்சலின்போது உயிர்காக்கத் தொண்டையிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையினால் அவர் எஞ்சியிருந்த பேச்சையும் இழந்தார். அதன்பின் சிலகாலம், பிறர் எழுத்தட்டையிற் சுட்டிக்காட்ட, உரிய எழுத்து வரும்பொழுது புருவத்தை உயர்த்தியே அவர் சொற்களை அமைத்தார் என்பது பலர் அறியாதது. கணினிக் குரல் பின்னர் வந்ததே. அக்குரல் அமெரிக்க உச்சரிப்பை உடையது, அவரோ ஆங்கிலேயர். மேலும் நயமான குரல்கள் வந்த பின்னரும் அவர் அதனை மாற்ற விரும்பவில்லை. அது தன் குரலாகிவிட்டது என்பதே காரணம். கருவியின் ஒலியொன்று ஒரு மனிதனின் சொந்தக் குரலாக மாறமுடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ‘ஹோக்கிங் மேதை, ஆதலால் அவருக்குப் பொருந்தியது’ என்பாரும் உளர். உயிரியக்கம் போலப் பொதுவான ஒன்றை மேதைமைக்குப் பரிசாகக் கொடுக்க எண்ணும் இவர்களுக்கு மறுமொழி கூறுதலும் வீண்.

கருவியே இல்லாமலும் எவ்வளவு இயலும் என்பதற்குப் பிரான்சிய இதழாசிரியர் ஜோன் டொமினிக் போபியின் கதை சான்று. 1995 டிசம்பரில் மூளையில் நேர்ந்த தாக்கத்தால் அவரது உடல் முழுவதும் செயலிழந்தது. இடக்கண்ணிமை ஒன்றே எஞ்சியது. உதவியாளர் எழுத்துக்களை வரிசையாகச் சொல்லிச் செல்வார். வேண்டிய எழுத்து வரும்பொழுது போபி இமைப்பார். இவ்வாறு எழுத்தெழுத்தாகச் சொல்லப்பட்டு 1997 மார்ச்சில் அவரது நூல் வெளிவந்தது. சில நாள்களுள் அவர் மறைந்தார். இதிற் பலரும் வியப்பது அவரது மனவுறுதியை. எனக்கோ அவ்வெழுத்து வரிசையிலேயே கவனம் சென்றது. உதவியாளர் அகரவரிசைப்படி சொல்லவில்லை. பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வழங்கும் எழுத்து முதலிலும், அருகி வழங்குவது ஈற்றிலுமாக வரிசை மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. தம் மொழியின் எழுத்து வழக்கை எண்ணிக் கணக்கிட்டவர்கள் இருந்தமையாலேயே அது இயன்றது.

இனி அதே நிலையில் ஒரு தமிழர் கிடக்கின்றார் எனக் கொள்வோம். நம்மிடம் 247 எழுத்துக்கள் உள. அவற்றை நெடுங்கணக்கு வரிசையிற் சொல்லிச் சென்றால், எல்லா எழுத்தும் ஒரே அளவில் வழங்குவன என்று கொண்டாலும், ஓர் எழுத்தை அடையச் சராசரி 124 எழுத்துக்களைக் கடக்க வேண்டும். ‘தண்ணீர்’ என்னும் நான்கெழுத்துச் சொல்லுக்கு நோயாளி தாகத்தாலேயே மடிந்துவிடுவார். ஆயின் தொல்காப்பியர் காட்டிய வழியே உயிர், மெய், உயிர்மெய் எனும் அமைப்பைப் பயன்படுத்திப் பாருங்கள். முதலில் 18 மெய்களுள் ஒன்று. அடுத்து 12 உயிர்களுள் ஒன்று. சராசரி ஏறத்தாழ 16 படிகளில் உயிர்மெய் எழுத்துக் கிடைத்துவிடும். தனிமெய்க்கென ஒரு குறியைச் சேர்த்தாற் போதும். வழக்கு மிகுதி நோக்கி வரிசையை மாற்றினால் அதுவும் குறையும். ஈராயிரமாண்டுப் பழைமையுடையதென நாம் மேடைதோறும் முழங்கும் எழுத்திலக்கணம் படுக்கையிற் கிடக்கும் ஒருவனுக்கு ஒரு குவளை நீரைப் பெற்றுத்தர வல்லது! இதனை நமக்குச் சொல்லித் தரவேண்டியது மருத்துவ பீடமன்று. தமிழ்த்துறை.

இவ்விடத்து ஒரு பழைய மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். ‘படத்தையும் அட்டையையும் கொடுத்துவிட்டாற் பிள்ளை பேச முயலமாட்டாது, சோம்பிவிடும்’ என்பர். பெற்றோர் இதனை அச்சத்தாற் கூறுகின்றனர், அவரைக் குறைகூறேன். ஆசிரியரும் மருத்துவருட் சிலரும் அறிவு போலக் கூறுகின்றனர். அவரைக் குறைகூறாமல் இருக்க இயலாது. 2006 இல் மில்லர், லைற், ஷ்லொசர் எனும் ஆய்வாளர் மூவர், இதுகுறித்து வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டனர். நம்பத்தக்க முறையில் நிகழ்த்தப்பட்டவை எனத் தேறிய ஆய்வுகளில் இடம்பெற்றோர் 27 பேர். அவர்களுள் 89 வீதத்தினரின் பேச்சு முன்னேறியது. 11 வீதத்தினரிடம் மாற்றமில்லை. ஒருவருக்கேனும் பேச்சுக் குறையவில்லை. முன்னேற்றம் பலருக்குச் சிறிதே என்பது உண்மை. ஆயினும் ‘அட்டை பேச்சைக் கெடுக்கும்’ என்னும் கூற்றுக்கு அங்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஊன்றுகோல் பிடிப்பவன் நடை மறப்பான் என்று நாம் முதியோரிடம் சொல்வதில்லை. பிள்ளைகளிடம் மட்டும் ஏனோ சொல்கின்றோம்.

இதற்கு நேரெதிர்த் தீவிரமும் உண்டு. அதனையும் மறைத்தல் நேர்மையன்று. பேசாதவரின் கையையோ மணிக்கட்டையோ பிறரொருவர் தாங்கிப் பிடித்து எழுத்துக்களின்மீது செலுத்தும் முறை 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் பெரும் ஆரவாரத்துடன் பரவிற்று. அதுவரை ஒரு சொல்லும் அறியாதவரெனக் கருதப்பட்டோர் கவிதைகளும் கட்டுரைகளும் எழுதினர் எனக் கூறப்பட்டது. 1993 இல் நியூயோர்க் மாநிலத்தில் வெளியான ஆய்வொன்றில், பேசாதவருக்கு ஒரு படமும் கைபிடிப்பவருக்கு வேறொரு படமும் காட்டப்பட்டன. எழுதப்பட்ட விடைகளெல்லாம் கைபிடிப்பவர் கண்ட படத்தையே சொல்லின. கைபிடித்தவர் பொய்யர் அல்லர்; தம்மையறியாமலே எழுதினர். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 1994 இலும் மீண்டும் 2018 இலும் இம்முறையை நிராகரித்தது. பேசாதவனுக்குக் குரல் கொடுப்பதாகக் கூறி அவன் வாயில் நமது சொல்லைத் திணிப்பது, அவனைப் பேசாமல் விடுவதினும் கொடிது. முன்னையதில் அவன் மௌனமேனும் அவனுடையதாக இருந்தது. எனவே துணைத் தொடர்பாடலை ஆதரிப்போர் கேட்கவேண்டிய முதல் வினா, ‘சொல் யாருடையது?’ என்பதே. சங்கத்தார் உருத்திரசன்மனின் கண்ணீரைச் சபை காண அவன் முகத்திலேயே பார்த்தனர். எவரும் அவன் கன்னத்தில் நீர் தெளிக்கவில்லை.

‘சொல் யாருடையது?’ எனும் வினாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதனைச் சாள்ஸ் பிளிஸ் என்பாரின் வரலாறு காட்டும். 1897 இல் அன்றைய ஒஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிற்ஸ் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்த அவர், 1938 இல் நாஸிகளின் டக்காவு, புக்கன்வால்ட் வதைமுகாங்களில் அடைபட்டார். பின்னர் விடுதலையாகி ஷங்காய் சென்றார். அங்கு சீன எழுத்துக்களைக் கண்டு, மொழி வேறுபாடே மனிதப் பகைக்கு வித்து. எல்லா மொழியினரும் தத்தம் மொழியிற் படிக்கத்தக்க குறியீடுகளை அமைத்தால் உலகில் அமைதி வரும் எனக் கருதினார். அவுஸ்திரேலியாவிற் குடியேறி 1949 இல் தமது குறியீட்டு முறையை நூலாக வெளியிட்டார். உலகம் திரும்பியும் பார்க்கவில்லை. 1971 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் மூளைவாதமுற்ற சிறுவர் நிலையமொன்றிற் பணியாற்றிய ஷேர்லி மெக்நோட்டன் என்னும் ஆசிரியையும் அவரது குழுவினரும் அந்நூலை நூலகத்திற் கண்டெடுத்துப் பேசாத பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பிள்ளைகள் குறியீடுகளைச் சுட்டிப் பேசலாயினர்.

பிளிஸ் மகிழ்ந்தார், பின்னர்ச் சினந்தார். ஏனெனில் ஆசிரியைகள் குறியீடுகளைத் தேவைக்கேற்ப மாற்றினர். அவற்றை ஆங்கில எழுத்தறிவுக்குப் பாலமாகவும் கொண்டனர். உலக மொழியாகத் தாம் படைத்தது சிறுவர் பள்ளியிற் சிதைக்கப்படுகிறதென அவர் கருதினார். பிணக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1982 இல் பேச்சுத் தேவையுடையோர் அக்குறியீடுகளைப் பயன்படுத்த நிரந்தர உரிமம் வழங்கப்பட்டதுடன் அது முடிவுற்றது. 1985 இல் பிளிஸ் இறந்தார். துன்புற்ற ஒரு மனிதரை ஏளனஞ் செய்ய எனக்கு மனமில்லை. ஆயின் இவ்வழக்கில் நியாயம் ரொறன்ரோப் பிள்ளைகளின் பக்கமே. மொழியைப் படைத்தவன் அதற்கு உடைமையாளன் அல்லன், பேசுபவனே உடைமையாளன். தூய்மை காக்க முற்பட்ட பிளிஸ், ஒருவகையில் நமது தமிழ்ப் பண்டிதரின் தூரத்து உறவினர் எனத் தோன்றுகின்றது.

பண்டிதரை வீணே இழுத்தேன் அல்லேன். தமிழில் ஒரு தொடர்பாடல் அட்டையை அமைக்கத் தொடங்குவோர் முதலில் மோதிக்கொள்வது அந்தத் தூய்மைச் சுவரிலேதான். என் உறவினர் ஒருவர், வயதில் மூத்தவர், பாரிசவாதத்தினாற் பேச்சிழந்தபொழுது வைத்தியசாலையொன்றில் அவருக்கு ஒரு படத்தாள் கொடுக்கப்பட்டது. படங்களின்கீழ்ச் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் பின்னர் பேனாவால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்துடனேயே எழுதினார். ஆயின் ‘எனக்கு மலசலகூடம் செல்லவேண்டியுள்ளது’ என்றும் ‘தயவுசெய்து உணவு வழங்குக’ என்றும் இருந்த வாசகங்களை அம்முதியவர் வாழ்நாளில் ஒருபோதும் வாயாற் சொல்லியிருக்கமாட்டார். உணவுப் படங்களில் பாண் துண்டும் கேக்கும் இருந்தன. பிட்டும் இடியப்பமும் சொதியும் இல்லை. சகோதரன் என்று ஒரு படம். அண்ணனா தம்பியா என்பது தெரியாது. அவர் அத்தாளை மடித்துத் தலையணையின்கீழ் வைத்துவிட்டார். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிக்கப்பட்டது.

சிந்திக்க வேண்டிய இடம் இது. பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் இடையே இத்துணைத் தூரமுள்ள மொழியில், அட்டை எவ்வழக்கிற் பேசவேண்டும்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘நான் வாறன்’ என்னும். மலையகத்துப் பிள்ளை ‘நான் வர்றேன்’ என்னும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும் ராத்தாவும் வேண்டும். ஆங்கில அட்டையில் ‘வா’ என்பதற்கு ஒரு படம் போதும். தமிழில் அது போதுமா? ‘வா’ என்று மட்டுமுள்ள அட்டை பிள்ளையை ஆசிரியர்முன் மரியாதை கெட்டவனாக்கும். ‘வாருங்கள்’ என்று மட்டுமுள்ள அட்டையோ அவனைத் தோழர் நடுவே கோமாளியாக்கும். வா, வாரும், வாங்கோ எனும் மூன்றினுள் எதனை யாரிடம் சொல்வது என்பதை அறிதலே யாழ்ப்பாணத்திற் பாதி வாழ்க்கை! மேலும் ஆங்கிலத்தில் வினைச்சொற்படத்துடன் இறந்தகாலக் குறியொன்றைச் சேர்த்தாற் பெரும்பாலும் போதும். தமிழிலோ வா என்பது வந்தேன், வருவேன், வரேல்லை, வராதே எனத் தன் உருவையே மாற்றிக்கொண்டு, காலத்தையும் இடத்தையும் எண்ணையும் ஈற்றிற் சுமக்கும். இவற்றை ஒரு பிள்ளையின் விரலுக்கு எட்டும்படி அடுக்குவது எங்ஙனம்? பிறமொழி அட்டையை மொழிபெயர்ப்பதால் ஒருபோதும் கிட்டாது. நாளாந்தப் பேச்சின் பெரும்பகுதியைத் தாங்குவன சில நூறு சொற்களே என்பது இத்துறையினர் பல மொழிகளிற் கண்ட உண்மை. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் அச்சில நூறு சொற்கள் யாவை?

சொற்றெரிவில் இன்னுமோர் அநீதி உண்டு. பேசாதோர்க்கென ஆக்கப்படும் அட்டைகளைப் பாருங்கள்: பசி, தாகம், நித்திரை, கழிப்பிடம், நோ. கால்நடைக்கும் இவையே தேவை. ‘மாட்டேன்’ எங்கே? ‘ஏன்?’ எங்கே? ‘அது பொய்’, ‘என்னைத் தொடாதே’, ‘அவன் எனக்கு அடித்தான்’ எங்கே? பகிடி விடவும் கோபிக்கவும் கடவுளைத் திட்டவும் சொல் எங்கே? கேட்பதற்கு மட்டும் சொல் கொடுத்து, மறுப்பதற்குச் சொல் கொடாத அட்டை, பேசாதவரைப் பராமரிப்போரின் வசதிக்கே ஆக்கப்பட்டது. வன்செயலுக்கும் பாலியற் கொடுமைக்கும் பேச இயலாதோர் எளிதில் இரையாவதற்கு, ‘இவர்கள் வெளியிற் சொல்லமாட்டார்கள்’ என்ற துணிவும் ஒரு காரணம். அத்துணிவைக் கொடுத்தவர்கள் சொல்லை மறுத்த நாமே.

‘ஊமை கண்ட கனவு’ என்று நாம் உவமை கூறுகின்றோம். ஊமை கனவு காண்பான் என்பதையும் அதனைச் சொல்ல விழைகின்றான் என்பதையும் இவ்வுவமை ஒப்புக்கொள்கின்றது. சொல்லும் வழியை அவனுக்குக் கொடுத்தோமா என்று மட்டும் கேட்பதில்லை.

மொழியுரிமை என்று இந்நாட்டில் எம்மைப்போல் நீண்டகாலம் பேசியவர் இலர். 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் எமது தலைமுறைகளின் அரசியலையே வகுத்தது. தமிழும் அரச கருமமொழியாதல் வேண்டும் என்பதற்கான வாக்கியம் 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பிற் புகுந்தது. அது நடைமுறையில் எவ்வளவு பொய்த்தது என்பதையும் நாம் ஓயாது எழுதி வருகின்றோம்; எழுதவும் வேண்டும். தன் மொழியில் விண்ணப்பம் எழுத முடியாதவனின் அவமானம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். அவ்வாறாயின் தன் மொழியில், தன் வீட்டிற்குள்ளேயே, தன் தாயிடம் ஒரு சொல்லும் சொல்லமுடியாதவனின் நிலை மொழியுரிமைப் பிரச்சினை அன்றா? அதனை மட்டும் நோய் என்றும் தர்மம் என்றும் பெயரிட்டு வேறு வாசலுக்கு அனுப்புவது ஏன்? பெரும்பான்மையின் மொழி வடிவம் ஒன்றே செல்லும் என்று பிறர் எமக்குச் சொன்னபொழுது அதனை ஒடுக்குமுறை என்றோம். பெரும்பான்மையினர் பேசும் முறை ஒன்றே மொழி என்று எம்மவருட் சிறுபான்மையினருக்கு நாம் சொல்வதற்குப் பெயர் என்ன?

சட்டம் நம்மைவிட முன்னே நிற்கின்றது என்பது வெட்கத்துக்குரியது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே, பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ தான் விளக்கவல்ல வேறு முறையாலோ சாட்சியம் அளிக்கலாம் என ஏற்றது. குடியேற்ற ஆட்சியாளர் வகுத்த சட்டம் அது. இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம், தன் 2 ஆம் உறுப்புரையிலேயே தொடர்பாடல் என்பதனுள் துணை முறைகளையும் மாற்று முறைகளையும் வெளிப்படையாக அடக்கி, மொழி என்பதனுள் பேசப்படாத மொழி வடிவங்களையும் சேர்க்கின்றது. புளொக் - ட்ரேகர் வரைவிலக்கணம் அங்கே ஏற்கெனவே கைவிடப்பட்டுவிட்டது. நமது விரிவுரை மண்டபத்திலேதான் அது இன்னும் உயிர்வாழ்கின்றது.

‘இதெல்லாம் பேச்சுச் சிகிச்சையாளரின் வேலை, கலைப்பீடத்துக்கு இதில் என்ன?’ என்பார்க்கு ஒரு சொல். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்திற் பேச்சுச் சிகிச்சையாளர் பயிற்றப்படுகின்றனர். அவர்கள் அரிய பணி செய்கின்றனர். ஆயின் நோயை அறிபவரிடம் மொழியின் கணக்கையும் கேட்பது நியாயமன்று. எச்சொல் மிகுதியாக வழங்குவது, எவ்விகுதியை முதலில் பிள்ளை கற்கின்றது, மட்டக்களப்பில் எது, மன்னாரில் எது என்பனவற்றைச் சொல்லவேண்டியவர் யாவர்? முன்னொருகால் விஞ்ஞானம் தமிழில் வாராது என்றபொழுது விபுலாநந்த அடிகள் போன்றோர் கலைச்சொல்லாக்கத்தில் இறங்கினர். ‘இது இரசாயனவியலாரின் வேலை’ என்று தமிழறிஞர் ஒதுங்கியிருந்தால், தாய்மொழியிற் கற்று இப்பல்கலைக்கழகத்துக்கு வந்த நம்மிற் பலர் இங்கு இருந்திரோம். அன்று தேவைப்பட்டவை அருஞ்சொற்கள். இன்று தேவைப்படுபவை மிக எளிய சொற்கள். எளியவை என்பதாலேயே போலும் ஆய்வுப் பட்டத்துக்கு உகந்தனவாக அவை தோன்றவில்லை.

பணமில்லை என்ற சாக்கும் முழுதும் செல்லாது. கண்ணாற் செலுத்தும் கணினி விலை மிக்கது, மெய்தான். சென்னையில் அஜித் நாராயணனின் குழுவினர், பேச இயலாத பிள்ளைகளுடன் பணிபுரியும் வித்யாசாகர் நிறுவனத்தாரோடு இணைந்து உருவாக்கிய ‘ஆவாஸ்’ எனும் கருவி தமிழிலும் பேசவல்லது. எனினும் தமிழகத்துத் தமிழ் வன்னிப் பிள்ளைக்கு வீட்டுமொழி அன்று. படங்களை வரையவும் வேண்டியதில்லை. ஸ்பெயினின் ஆரகொன் பிராந்திய அரசு பல்லாயிரம் படக்குறியீடுகளை வணிக நோக்கமற்றோர் யாவரும் எடுத்தாள இலவசமாக வழங்கியுள்ளது. அட்டையும் பசையும் எங்குமுள. இல்லாதது சொற்பட்டியல் ஒன்றே. அதனைத் தொகுக்கச் செலவு சொற்பம், வேண்டியது காது.

நம் சங்கத்தில் யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, மலையகம், புத்தளம், கொழும்பு எனப் பல பகுதி மாணவர் உளர். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஐந்து வயதுப் பிள்ளையொன்றின் ஒருநாட் பேச்சைப் பெற்றோர் சம்மதத்துடன் ஒலிப்பதிவு செய்து எழுதிக் கொணரட்டும். மொழியியல் மாணவர் அவற்றை எண்ணிப் பகுதிவாரியாகப் பட்டியலிடட்டும். பேச்சுச் சிகிச்சையாளரையும், முடியுமிடத்துப் பேச இயலாதோரையும் அழைத்து அப்பட்டியலை அவர்கள்முன் வைப்போம். ‘மாட்டேன்’ என்பது எவ்விடத்தில் இருக்கவேண்டும் என்பதை அவர்களே காட்டட்டும். அடுத்த ஆண்டு மலரிற் பத்துப் பக்கங்களை இப்பட்டியலுக்கு ஒதுக்குதல் வேண்டும் என்ற பிரேரணையை வரும் பொதுக்கூட்டத்தில் முன்வைக்க எண்ணியுள்ளேன். எதிர்த்து வாக்களிக்க இருப்போர் தம் காரணங்களைத் தயைகூர்ந்து எழுத்தில் கொண்டுவருவாராக. அன்று அவற்றை வாயாற் சொல்லாமல், ஓர் எழுத்தட்டையைச் சுட்டியே சொல்லுமாறு கேட்பேன்.